பேரீச்சைப் பூச்சிகள்: ஆய்வும் கட்டுப்பாடும்

பேரீச்சையில் ஒரு தண்டுக்கு ஒரு குருத்துதான். மாமரத்தில் ஒரு கிளை பட்டுப்போனால் இன்னொன்று தழைக்கும். பேரீச்சையின் உச்சிக்குருத்து அழிந்தால் அந்தத் தண்டே முடிந்துபோகும். தண்டில் பட்ட காயத்தைப் புதுப் பட்டை வளர்ந்து மூடுவதும் இல்லை. மட்டை கழித்த இடம், பக்கக் கன்று பிரித்த இடம், அரிவாள் தவறிப் பட்ட இடம் எல்லாம் மரம் நிற்கும்வரை வடுவாகவே இருக்கும். பூச்சிக் கட்டுப்பாட்டைத் திட்டமிடுவதற்கு முன் மரத்தின் இந்த இயல்பை மனத்தில் இருத்த வேண்டும். நெல்லிலோ கத்தரியிலோ ஒரு பருவத்தில் நேர்ந்த இழப்பை அடுத்த பருவத்தில் ஈடுகட்டலாம். காய்ப்புக்கு வரவே சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, பிறகு பல பத்தாண்டுகள் காய்க்கும் மரத்தில் அதற்கு வழியில்லை.

இந்த மரத்தின் முக்கியப் பூச்சிகள் தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியை மருந்து எட்டாத இடத்தில் கழிக்கின்றன. கூன்வண்டின் புழு தண்டுக்குள் இருக்கிறது. துபாஸ் பூச்சியின் முட்டை இலைத் திசுவுக்குள் இருக்கிறது. செதில் பூச்சி தன் ஓட்டுக்கு அடியில் ஒட்டிக் கிடக்கிறது. அந்துப்பூச்சியின் புழு பழத்துக்குள் புகுந்துவிடுகிறது. ஆகவே ஆய்வுகள் எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேர்கின்றன: இந்தப் பூச்சி எப்போது, எங்கே வெளியே வருகிறது? ஒவ்வொரு பூச்சிக்கும் இதன் விடை வேறு. தோட்டம் முழுவதற்கும் ஒரே மருந்தை நாள் குறித்து அடிக்கும் வழக்கம் பேரீச்சையில் பலன் தராததற்கு இதுவே காரணம்.

பூச்சியைப் பூச்சியால் ஒடுக்கும் முறைக்குப் பேரீச்சைத் தோட்டத்திலேயே பழைய சான்று உண்டு. டென்மார்க் அனுப்பிய ஆய்வுப் பயணக் குழுவோடு அரேபியா சென்ற இயற்கையியலாளர் பேத்தர் ஃபோர்ஸ்கோல் 1763-இல் ஏமனில் இறந்தார். அவர் இறந்தபின் 1775-இல் வெளியான குறிப்புகளில் ஏமன் விவசாயிகளின் வழக்கம் ஒன்று பதிவாகியிருக்கிறது. பேரீச்சையைக் கெடுக்கும் எறும்பினத்தை ஒழிக்க, அவர்கள் மலைப்பகுதியிலிருந்து வேறோர் எறும்பினத்தைக் கூட்டோடு கொண்டுவந்து மரங்களில் விடுவார்களாம். ஆய்வு நிலையங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே விவசாயிகள் கவனித்துக் கண்டறிந்த முறை இது.

சிவப்புக் கூன்வண்டு

தென்னை வைத்திருக்கும் தமிழக விவசாயிக்கு இந்த வண்டைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரைங்கோஃபோரஸ் ஃபெருஜினியஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட இதன் தாயகம் தெற்கு ஆசியாவும் தென்கிழக்கு ஆசியாவும்தான். தென்னையின் பூச்சியாக முதலில் அறியப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலேயே பேரீச்சையிலும் பதிவானது. 1980-களின் நடுவில் வளைகுடா நாடுகளை எட்டியதும் நிலைமை மாறிவிட்டது. 1992-இல் எகிப்து, 1990-களின் நடுவில் ஸ்பெயின், அடுத்த பத்தாண்டில் இத்தாலி, பிரான்ஸ் என்று மத்தியதரைக்கடல் நாடுகள், 2008-இல் மொராக்கோவின் தாஞ்சியர் நகரம், 2015-இல் மொரிட்டானியா என அது பரவியது. இவ்வளவு தூரத்தையும் வண்டு பறந்து கடக்கவில்லை. நடுவதற்கு வாங்கிய பக்கக் கன்றுகளுக்குள்ளும், சாலையோர அழகுக்காக வேரோடு பெயர்த்து விற்ற பெரிய மரங்களுக்குள்ளும் இருந்துகொண்டு லாரியிலும் கப்பலிலும் பயணம் செய்தது. இந்த அத்தியாயத்தில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது. சான்றிதழ் இல்லாத பக்கக் கன்றை விலை மலிவு என்று வாங்குபவர் வண்டையும் சேர்த்தே வாங்கக்கூடும். திசு வளர்ப்புக் கன்றுகளுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

வளர்ந்த வண்டு ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், முதுகின் முன்பகுதியில் கரும்புள்ளிகள், வளைந்த நீண்ட மூக்கு. பெண் வண்டு மூக்கால் மென்மையான திசுவில் துளையிட்டு, தன் வாழ்நாளில் 200-க்கும் மேற்பட்ட முட்டைகளை ஒவ்வொன்றாக வைக்கும். காயத்திலிருந்து வரும் வாசனை அதை ஈர்க்கிறது. சுமார் மூன்று நாளில் முட்டை பொரிந்து, காலில்லாத வெண்மஞ்சள் புழு வெளிவரும். அது தண்டைக் குடைந்து தின்றுகொண்டே ஓரிரு மாதங்கள், சில சமயம் அதற்கும் மேல் வளரும். பிறகு நாரைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். கூட்டிலிருந்து வரும் வண்டு அதே மரத்தில் இணைசேர்ந்து அங்கேயே மறுபடி முட்டையிடும். இப்படி ஒரே மரத்துக்குள் பல தலைமுறைகள் கழிந்தபின்தான் வெளியே ஏதாவது தெரியும். ஓலை தொங்கிவிட்ட மரத்தைக் காப்பாற்றுவது அரிது.

கனேரித் தீவு ஈச்சையில் வண்டு உச்சியில்தான் முதலில் இறங்கும். பேரீச்சையிலோ பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள், பக்கக் கன்றுகள் முளைக்கும் பகுதியில் புகுகிறது. இருபது வயதுக்கு உட்பட்ட மரங்களே அதிகம் தாக்கப்படுகின்றன. எனவே ஆய்வு செய்பவர் அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்க்க வேண்டும். தூரைச் சுற்றியுள்ள மண்ணையும் காய்ந்த நாரையும் கையால் விலக்கி, பக்கக் கன்றுகளுக்கு இடையிலும் பழைய மட்டைகளின் அடியிலும் பார்க்க வேண்டும். பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான நீர் வடிந்து காய்ந்திருக்கிறதா, மென்று துப்பியது போன்ற ஈர நார் வெளித்தள்ளியிருக்கிறதா, புளித்த வாடை வருகிறதா, ஒரு பக்கக் கன்று மட்டும் காரணமில்லாமல் காய்கிறதா என்று கவனிக்க வேண்டும். சந்தேகமான இடத்தை உளியால் மெல்லச் செதுக்கினால், நல்ல திசு வெளிறிக் கெட்டியாக இருக்கும். புழு சென்ற வழி கறுத்து, விரல் அழுந்தும்படி நொய்ந்திருக்கும். தாக்கம் உள்ள பகுதியில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு மரத்தையும் இப்படிப் பார்க்க வேண்டும். செலவு குறைந்ததும் மிகுந்த பயன் தருவதும் இந்த வேலைதான். ஆள் பற்றாக்குறையால் பல தோட்டங்களில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

கண்ணால் பார்ப்பதற்கு மாற்றுத் தேடி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. புழு நாரைக் கடிக்கும் ஓசையைக் கேட்கும் ஒலியுணரிகள், மரத்தின் வெப்ப மாறுதலைக் காட்டும் அகச்சிவப்புப் படக்கருவிகள், வடிநீரின் வாடையை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்கள் எனப் பல வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. நாய்கள் நன்றாகவே கண்டுபிடிக்கின்றன. ஆனால் பாலைவன வெயிலில் அவற்றால் நெடுநேரம் வேலை செய்ய முடிவதில்லை. 2020-இல் சவுதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் காட்டினர். ஒரே ஒளியிழைக் கம்பியை மரத்துக்கு மரம் தண்டில் சுற்றிக் கொண்டுபோய், அதன் வழியே லேசர் துடிப்பை அனுப்பினால், புழு கடிக்கும் அதிர்வு எந்த மரத்திலிருந்து வருகிறது என்று கணிக்கலாம். ஏறக்குறைய 12 நாள் வயதுள்ள புழுவையே இது காட்டிக்கொடுத்தது. காற்று, பறவை, பம்ப் செட் எழுப்பும் ஓசைகளிலிருந்து புழுவின் ஓசையைப் பிரித்தறிவதுதான் இம்முறையின் கடினமான பகுதி. பெரிய பண்ணைகளுக்கு இது ஏற்றதாகலாம். ஐம்பது மரம் வைத்திருப்பவருக்கு இன்னும் உளியும் மூக்கும்தான்.

இனக்கவர்ச்சிப் பொறி

வண்டு மரத்துக்கு வெளியே வருவது ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும்போது மட்டுமே. ஆண் வண்டு வெளியிடும் ஒரு வாசனைப் பொருள் ஆண், பெண் இரண்டையும் ஓரிடத்தில் கூட்டுகிறது. அது 4-மெத்தில்-5-நோனனால் என்று 1993-இல் கண்டறியப்பட்டு, ஃபெருஜினியால் எனப் பெயர் பெற்றது. ஆய்வகத்தில் அதைச் செய்ய முடிந்ததும் பொறிகள் தோட்டத்துக்கு வந்தன. தமிழகத் தென்னந்தோப்புகளில் தொங்கும் வாளிப் பொறிகளும் இதே பொருளில்தான் இயங்குகின்றன.

பொறியை விவசாயியே அமைத்துக்கொள்ளலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியின் மேற்பகுதியில் நான்கு சிறு சாளரங்கள் வெட்ட வேண்டும். வண்டு பற்றி ஏறுவதற்கு வாளியின் வெளிப்புறம் சொரசொரப்பாக இருக்க வேண்டும்; சணல் சாக்கைச் சுற்றிக் கட்டினால் போதும். இனக்கவர்ச்சிப் பொட்டலத்தை மூடியின் உட்பக்கம் தொங்கவிட்டு, உள்ளே ஒரு கைப்பிடி கழிவுப் பேரீச்சம்பழமும் ஒரு லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் இட வேண்டும். புளிக்கும் பழத்தின் வாசனை சேராவிட்டால் இனக்கவர்ச்சிப் பொருள் தனியாகப் பாதி வேலைகூடச் செய்யாது. எத்தில் அசிடேட் பொட்டலத்தையும் சேர்த்து வைத்தால் வரவு கூடுகிறது என்று வளைகுடா நாடுகளில் நடந்த சோதனைகள் காட்டின. பொறி நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் வைத்தால் பொட்டலம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பழமும் தண்ணீரும் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். நோட்டம் பார்ப்பதற்கு ஹெக்டேருக்கு ஒரு பொறி போதும். வண்டு மிகுந்த இடத்தில் எண்ணிக்கையைக் கூட்டலாம்.

பொறியில் விழும் வண்டுகளில் பெண்களே அதிகம். பெரும்பாலும் ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற அளவில். முட்டையிடவிருக்கும் பெண் வண்டு ஒன்று விழுந்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் குறைகின்றன. ஆனால் தண்ணீர் வற்றிய பொறி வைத்தவருக்கே தீங்கு செய்யும். வண்டை அழைத்து வந்துவிட்டுப் பிடிக்காமல் விடும் பொறி அக்கம்பக்கத்து மரங்களைத்தான் பலி கொடுக்கும். பராமரிக்க ஆளில்லாத தோட்டத்தில் பொறியே வைக்காமல் இருப்பது நல்லது. இளங்கன்றுகளின் நடுவிலும் வைக்கக் கூடாது.

தாக்கப்பட்ட மரத்துக்குச் செய்ய வேண்டியவை

ஆரம்ப நிலையில் கண்டுபிடித்த மரத்தைத் தண்டு ஊசி முறையில் காப்பாற்ற முடியும். தாக்கப்பட்ட இடத்தைச் சுற்றிக் கீழ்நோக்கிச் சாய்வாகத் துளைகள் இட்டு, பரிந்துரைத்த அளவில் பூச்சிமருந்தைச் செலுத்துவது வழக்கம். எமாமெக்டின் பென்சோயேட், இமிடாகுளோப்ரிட் ஆகியவை பல நாடுகளில் இதற்குப் பயன்படுகின்றன. துளைகள் ஆறாத காயங்கள் என்பதால் வேலை முடிந்ததும் அடைத்துவிட வேண்டும். காய்கள் மரத்தில் இருக்கும் காலத்தில் ஊசி போட்டால் மருந்து பழத்தில் தங்கும் ஆபத்து உண்டு. அறுவடைக்குப் பிந்திய காலமே ஏற்றது. புழு சென்ற குகைகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூடும் முறையும் உண்டு. அதிலிருந்து வரும் வாயு மனிதரையும் கொல்லும். இந்தியாவில் அதன் விற்பனையும் பயன்பாடும் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் விவசாயி தானாக அதைக் கையாளக் கூடாது.

முற்றிய மரத்தை வெட்டி ஓரத்தில் தள்ளிவிடுவதைப் போன்ற தவறு வேறில்லை. ஈரம் நிறைந்த தண்டு சரியாக எரியாது. வெளிப்புறம் கருகினாலும் உள்ளே கூட்டுப்புழு பிழைத்து, வண்டாகிப் பறந்துவிடும். தண்டை இயந்திரத்தில் சிறு துண்டுகளாக அரைத்துவிடுவதே உறுதியான வழி. மட்டை கழிப்பதையும் பக்கக் கன்று பிரிப்பதையும் வண்டு அதிகம் பறக்காத குளிர்காலத்தில் செய்து, வெட்டுவாய்களில் உடனே மருந்து பூசி மூட வேண்டும். பாத்தி கட்டித் தூரை நனைய வைக்கும் பாசனம் வண்டுக்கு வசதியாகிறது. தண்டைத் தொடாத சொட்டு நீர்ப் பாசனம் நல்லது.

வேதிப்பொருள் இல்லாத வழிகள் சிலவற்றின் அனுபவத்தையும் தெரிந்துகொள்வது பயன்படும். 1970-களில் இந்தியாவில் கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் வண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். வண்டு பலமுறை இணைசேர்வதும், மரத்தைவிட்டு வெளிவருமுன் உள்ளேயே இணைசேர்ந்துவிடுவதும் இம்முறைக்குத் தடைகள். ஸ்டைனர்நீமா கார்போகாப்சே என்ற நூற்புழுவைக் கைட்டோசானுடன் கலந்து ஸ்பெயினில் அலங்கார ஈச்சை மரங்களில் தெளித்தபோது நல்ல பலன் கிடைத்தது. வளைகுடாவின் வெப்பத்திலும் வறட்சியிலும் அதே நூற்புழு தாக்குப்பிடிப்பது கடினம். பிவேரியா பாசியானா பூஞ்சாணத்துக்கும் வறண்ட வெப்பம்தான் எதிரி. ரியாத்திலுள்ள மன்னர் சவுத் பல்கலைக்கழகத்தில் வண்டின் மோப்பத்துக்குப் பொறுப்பான மரபணுவை அடக்கும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. வாசனை தெரியாத வண்டு துணையையும் மரத்தையும் தேடிப் போக முடியாது. இது ஆய்வக நிலையில் உள்ள நம்பிக்கை; கடையில் வாங்கும் பொருளாக வர இன்னும் காலம் ஆகும்.

கூன்வண்டை ஒரு வட்டாரத்திலிருந்தே ஒழிக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் 2005-இல் வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. வெளியிலிருந்து ஈச்சை இன மரங்கள் வருவதைத் தடுத்து, மரம் மரமாகப் பார்த்து, தாக்கப்பட்டவற்றை அகற்றி, பொறிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2016-இல் தீவுகள் வண்டற்றவை என அறிவிக்கப்பட்டன. மொரிட்டானியாவின் திஜிக்ஜா பாலைவனச்சோலையில் 2015-இல் வண்டு புகுந்தபோது, உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு ஊர் விவசாயிகளே கண்காணிப்பில் இறங்கினர்; அங்கும் பரவல் தடுக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் புது மருந்து எதுவும் வெற்றி தரவில்லை. அண்டைத் தோட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் ஒரே வேலையைச் செய்ததுதான் தந்தது. சுமார் 25 லட்சம் பேரீச்சை மரங்கள் கொண்ட, 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுக் களமாக அறிவித்த சவுதியின் அல் அஹ்ஸா போன்ற பெரும் சோலையில், கைவிடப்பட்ட ஒரு சிறு தோட்டமே சுற்றிலும் உள்ளவர்களின் உழைப்பை வீணாக்கிவிடும். குஜராத்தின் கட்ச் பகுதியிலும் தருமபுரி வட்டாரத்தின் புதிய தோப்புகளிலும் இந்தக் கவனம் தேவை. தமிழகத்தில் வண்டு ஏற்கெனவே பக்கத்துத் தென்னையில் இருக்கிறது.

காண்டாமிருக வண்டுகள்

ஓரிக்டஸ் இன வண்டுகளின் புழுக்கள் வளைகுடா நாடுகளிலும் துனிசியாவிலும் மட்டையடியையும் வேர்ப்பகுதியையும் குடைகின்றன. வளர்ந்த வண்டு குலைக்காம்பைக் கடிக்கும். இவை இரவில் வெளிச்சத்துக்கு வருபவை என்பதால் விளக்குப் பொறி பயன்படுகிறது. மக்கும் தண்டும் எருக்குவியலும் இல்லாமல் தோட்டத்தைத் துப்புரவாக வைப்பதே முதல் வேலை.

துபாஸ் பூச்சி

ஈராக், ஓமன், ஈரான் நாடுகளில் கூன்வண்டுக்கு இணையாக அஞ்சப்படுவது இந்தச் சிறு தத்துப்பூச்சி. ஆண்டுக்கு இரண்டு தலைமுறை: வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. ஓலைச்சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற கழிவைச் சொட்டுச் சொட்டாக விடும். ஓலையும் குலையும் பிசுபிசுத்து, தூசி ஒட்டி, கரும்பூஞ்சாணம் படர்ந்து, மரம் நலியும். அடியில் பயிரிட்ட எலுமிச்சையும் தீவனப் பயிரும்கூடக் கெடும்.

முட்டை இலைத் திசுவுக்குள் செருகப்பட்டிருப்பதால் மருந்து அதைத் தொடாது. பொரித்த குஞ்சு ஐந்து பருவங்களைக் கடந்து வளர்கிறது. முதல் இரண்டு மூன்று பருவங்களே தாக்குவதற்கு உரிய காலம். அந்த நாட்களைக் கணிப்பதில்தான் ஓமன் ஆய்வாளர்கள் உழைத்தார்கள். அன்றாட வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்து முட்டை பொரியும் நாளை முன்கூட்டிச் சொல்வது ஒரு முறை. மரத்தடியில் தாள் விரித்து, அதில் விழும் கழிவுத் துளிகளை எண்ணிப் பூச்சியின் அளவை மதிப்பிடுவது இன்னொரு முறை. இரண்டாவதை எந்த விவசாயியும் செய்யலாம்.

ஈராக்கும் ஓமனும் வானூர்தியிலிருந்து மருந்து தெளித்து இதை அடக்கிவந்திருக்கின்றன. உயரமான மரங்கள் நெருங்கி நிற்கும் தோப்பில் கைத்தெளிப்பான் எட்டாது என்பதால் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த மருந்து துபாஸ் முட்டைக்குள் முட்டையிடும் சூடோலிகோசிட்டா பாபிலோனிகா என்ற நுண்குளவியையும் பச்சை கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் சேர்த்தே கொல்கிறது. குளவி அழிந்த தோப்பு அடுத்த ஆண்டும் வானூர்தியை எதிர்பார்க்க வேண்டியதாகிறது. நெருக்கமும் ஈரமும் நிறைந்த தோப்புகளில் தாக்கம் அதிகம். புதிதாக நடுபவர் மரத்துக்கு மரம் எட்டு முதல் பத்து மீட்டர் இடைவெளி விட்டு, வெயிலும் காற்றும் உள்ளே வரச் செய்வது எந்தத் தெளிப்பையும்விட நீடித்த பாதுகாப்பு.

வெள்ளைச் செதில் பூச்சி

பார்லடோரியா பிளான்சார்டி ஓலையில் வெண்சாம்பல் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பக்கக் கன்றுகளோடு இது அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கும் அரிசோனாவுக்கும் போனது. அங்கே மரங்களின் ஓலைகளை வெட்டிவிட்டு, எஞ்சிய மட்டையடிகளை ஊதுவிளக்குச் சுடரால் தீய்க்கும் கடும் முறையைக் கையாண்டு, பல ஆண்டுகள் தேடித் தேடி, 1930-களின் நடுவில் அடியோடு ஒழித்தார்கள். குருத்து பிழைத்திருந்ததால் மரம் மீண்டும் தழைத்தது.

மொரிட்டானியாவில் வேறு வழி கைகொடுத்தது. 1960-களின் பிற்பகுதியில் ஈரானிலிருந்து கொண்டுவந்த கைலோகோரஸ் இனப் பொறிவண்டுகள் அத்ரார் பகுதிச் சோலைகளில் விடப்பட்டன. அவை நிலைபெற்றுச் செதில் பூச்சியைத் தின்று அடக்கின. சிறு தோட்டத்தில் அடியோலைகளைக் கழித்து எரித்துவிட்டு, குளிர்காலத்தில் கனிம எண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும். கடும் பூச்சிமருந்து தெளித்துப் பொறிவண்டுகளை இழக்கக் கூடாது.

காயையும் பழத்தையும் கெடுக்கும் அந்துப்பூச்சிகள்

சிறு பேரீச்சை அந்துப்பூச்சியின் புழு, காய் பச்சையாக இருக்கும் கிம்ரி பருவத்தில் காம்படியில் துளையிட்டு உள்ளே போகும். காய் சிவந்து வாடும். புழு நூற்ற பட்டிழையால் கதிரோடு கட்டுண்டு சிறிது காலம் தொங்கி, பிறகு உதிரும். இந்தத் தொங்கும் சிவப்புக் காய்களே அடையாளம். காய்கள் மிகச் சிறியனவாக இருக்கும்போதே, புழு நுழைவதற்கு முன், பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர்த் தூளைக் குலையில் தூவுவது பயன் தரும்.

கரோப் அந்துப்பூச்சி பழம் கனியும் காலத்தில் வருகிறது. துனிசியா, அல்ஜீரியா நாடுகளின் தெக்லத் நூர் ரகத்துக்கும் கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்குக்கும் இதுவே பெரிய தலைவலி. சோலையில் பேரீச்சைக்கு அடியில் வளரும் மாதுளையும் இதற்கு உணவு. கோடையில் வெடித்த மாதுளையில் பெருகி, பின் பேரீச்சைக்கு ஏறும். எனவே வெடித்த மாதுளையையும் உதிர்ந்த பேரீச்சையையும் பொறுக்கி அழிக்காமல் மேலே மருந்து அடிப்பதில் பொருளில்லை. பழம் நிறம் மாறத் தொடங்கும்போது குலைக்கு நெருங்கிய கண்ணுள்ள வலைப்பை கட்டுவது துனிசியாவில் நன்கு நிலைத்த முறை; பறவைகளிடமிருந்தும் அது காக்கும். இந்த அந்துப்பூச்சியின் இனக்கவர்ச்சிப் பொருள் 1991-இல் கண்டறியப்பட்டாலும், அது விரைவில் சிதைந்துவிடுவதால் தோட்டத்தில் நிற்கவில்லை. அதை ஒத்த நிலையான வேறொரு பொருளைத் தோப்பு முழுதும் பரப்பி, ஆண் பூச்சி பெண்ணைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்யும் முறையைக் கலிபோர்னியாவில் உருவாக்கினார்கள்.

அறுவடைக்குப் பின்

தோட்டத்திலிருந்து பழத்தோடு வரும் புழுவும் கிடங்கில் ஏறும் வண்டும் முன்பு மெத்தில் புரோமைடு புகையால் கொல்லப்பட்டன. அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987-இன் மாண்ட்ரீல் உடன்படிக்கையின் கீழ் கைவிடப்பட்டது. வளரும் நாடுகளுக்கு 2015 காலவரம்பு, ஏற்றுமதித் தொற்றுத் தடுப்புக்கு மட்டும் விலக்கு. அதன் இடத்தைப் பாஸ்பைன் வாயு, வெப்பம், குளிர் ஆகியவை எடுத்துக்கொண்டன. சிறு உற்பத்தியாளருக்கு எளியது உறைகுளிர். பழத்தின் நடுப்பகுதி வரை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் எட்டிய நிலையில் இரண்டு நாள் வைத்தால் முட்டை முதல் வண்டு வரை எல்லாம் செத்துவிடும். பெட்டியை நெருக்கமாக அடுக்கினால் நடுவிலுள்ள பழம் குளிர நேரமாகும்; நேரத்தை அங்கிருந்துதான் கணக்கிட வேண்டும். வெப்ப முறையில் 50 முதல் 55 டிகிரியில் சில மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் பழம் கறுத்து, தோல் தடித்து, விலை குறையும். எந்த முறையானாலும் அன்றே பூச்சி நுழையாத பையில் அடைத்து ஒட்டிவிட வேண்டும். திறந்து கிடக்கும் பழத்தை அரிசி மூட்டையிலிருந்து வரும் வண்டே மறுபடி பிடித்துக்கொள்ளும்.